சங்கிலிச் சாமியின் நாக்கு

சமையல்காரர் சங்கிலி மாஸ்டர் மாலை போட்டுவிட்டால், கூடலூர்க் கல்யாண வீட்டுக்காரர்கள் அவரோடு சேர்த்து அவர் மகளையும் அழைப்பார்கள். வெற்றிலை பாக்கு அவருக்கு. "பாப்பாவையும் கூட்டிட்டு வந்துருங்க சாமி" என்ற சொல் மகளுக்கு. பாப்பாவின் பெயர் கயல். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். கணக்கில் சுமார், ஓட்டத்தில் சுமார். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊரில் இவ்வளவு மரியாதை கிடைத்ததற்கு அவள் நாக்கு ஒன்றுதான் காரணம்.

விஷயம் இதுதான். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டால், மலை இறங்கி வரும் வரைக்கும் சங்கிலி தன் வீட்டில் குளித்துப் பூஜை முடித்து ஒருவேளைதான் சாப்பிடுவார். சமைக்கப் போன இடத்தில் அண்டாவிலிருந்து ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைக்க மாட்டார். ஆனால் பாழாய்ப்போன முகூர்த்தமெல்லாம் கார்த்திகையில்தான் குவியும். ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பது? காய் வெட்டுகிற சுரேஷ்கண்ணன் பாக்குப் போட்டுப் போட்டு நாக்கு மரத்துப்போனவன். தேங்காய் துருவுகிற மொக்கம்மாளிடம் பாயசத்தைக் கொடுத்தாலும் "காரம் பத்தல" என்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏழு வயதுக் கயல் ஒரு கல்யாண வீட்டில் ரசத்தை நக்கிவிட்டு, "புளி முழிச்சிருச்சு சாமி, உப்பு இன்னும் தூங்குது" என்றாள். சங்கிலி ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டார். அன்று பந்தியில் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார்கள். அதிலிருந்து கார்த்திகை வந்தால் கயல்தான் அவருக்கு நாக்கு.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். சாம்பாரோ ரசமோ, முதலில் பாதி உப்புதான் போடுவார். கொதி வந்ததும் கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஆற்றி, கயலின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். அவள் நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். சமையல்கட்டு மொத்தமும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்க்கும். அவள் சொன்ன பிறகுதான் மீதி உப்பு விழும். மாலை போட்டவரை அவர் மகளும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், அவரும் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். "சொல்லு சாமி" என்று அப்பா கைகட்டி நின்று கேட்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காகக் கயல் வருஷம் முழுக்கக் காத்திருப்பாள்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து ஆறு, ஐப்பசி மழையோடு ஊருக்குள் ஒரு காய்ச்சல் வந்தது. மூட்டுக்கு மூட்டு பிடித்து ஆட்களைக் கட்டிலில் போட்டது. கயலையும் எட்டு நாள் போட்டது. காய்ச்சல் கொதித்த ஒரு மதியம் அவளுக்குக் கனவு வந்தது. வாய்க்கால் கரையில் குனிந்து தண்ணீர் குடிக்கிறாள். வாயிலிருந்து ஒரு சின்னச் சிவப்பு மீன் நழுவித் தண்ணீரில் விழுகிறது. அவள் எட்டிப் பிடிப்பதற்குள் அது வாலை ஒரு ஆட்டு ஆட்டி, தண்ணீரை எதிர்த்து, மலைப் பக்கமாக நீந்திப் போய்விடுகிறது. கண் விழித்தபோது அம்மா உமாதேவி கஞ்சியை நீட்டினாள். கஞ்சி ஈரத் துணியைச் சப்பியது போல இருந்தது. அம்மா ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அதுவும் ஈரத் துணிதான்.

காய்ச்சல் போயிற்று, ருசி திரும்பவில்லை. கயல் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று ஒரு வாரம் இருந்தாள். கார்த்திகை பிறந்து அப்பா மாலை போட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. நாக்கு இல்லாத கயலை எந்தக் கல்யாண வீடு தேடி வந்து கூப்பிடும்? ஏழு வயதிலேயே பெருமையின் ருசியைக் கண்டுவிட்ட பிள்ளை, அதை மட்டும் விட மனசில்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.

முதல் அழைப்பு சீனிச்சாமி வீட்டுக் காதுகுத்து. நூறு இலைதான். சங்கிலி உள்ளங்கையில் ரசத்தை விட்டார். கயலுக்கு வெதுவெதுப்புத் தெரிந்தது, ஈரம் தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. வழக்கம்போலக் கண்ணை மூடினாள். எப்போதும் எத்தனை எண்ணுகிற வரைக்கும் கண்ணை மூடியிருப்போம் என்றுதான் யோசித்தாள், ரசத்தைப் பற்றி அல்ல. "சரியா இருக்கு சாமி" என்றாள். மீதி உப்பு தட்டிலேயே கிடந்தது.

முதல் பந்தியிலேயே ஒரு குரல் எழுந்தது. "மாஸ்டரு, உப்பு வெல ஏறிப்போச்சா?" பந்தி முழுக்கச் சிரித்தது. இலை இலையாக உப்புக் கிண்ணம் போனது. சங்கிலி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மகளை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் கயலை அறுத்தது.

அன்று சாயங்காலம் பூஜை முடிந்ததும் அவர் உமாதேவியிடம் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த கயலுக்குக் கேட்டது.

"பிள்ள நாக்கு பொய் சொல்லாது உமா. அவ பாத்தப்ப சரியாத்தான் இருந்திருக்கும். அதுக்குப் பிறகு நாந்தான் தண்ணிய ஊத்திக் கெடுத்திருக்கேன். ஊத்தினது எனக்கு ஞாபகத்துலயே இல்ல."

"ஒரு தடவ தப்பினா என்ன ஆயிப்போச்சு?"

"இப்பிடித்தான ஆரம்பிக்கும்? என்ன செய்யிறோம்னு தெரியாத கையி அடுப்புக்கிட்ட நிக்கக் கூடாது. சங்கரலிங்கம் அய்யா வீட்டுக் கல்யாணத்துக்கு வாக்குக் குடுத்தாச்சு. அறுநூறு எல. அத முடிச்சிட்டுக் கரண்டிய வச்சிர்றேன். மலைக்குப் போயிட்டு வந்து ஏலக்காத் தோட்டத்துக் கூலி வேலைக்கு ஜீப்பு ஏறிர்றேன்."

நான்தான் என்று சொல்லக் கயல் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் போர்வை நுனியைத் திணித்துக்கொண்டாள். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அன்று வியாழக்கிழமை. அதற்குள் தன் ருசியைக் கொண்டுபோன அந்தச் சிவப்பு மீனைப் பிடித்தாக வேண்டும், வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

மீன் விஷயத்தை அவள் ஒரே ஒருவனிடம்தான் சொன்னாள். இனியன், மாமா மகன், அடுத்த தெரு, நாலாம் வகுப்பு. இனியனுக்கு எதைக் கொடுத்தாலும் ஒரே தீர்ப்புதான்: "நல்லாருக்கு." கருகிய பணியாரத்துக்கும் அதுதான், காய்ச்சல் மருந்துக்கும் அதுதான். ஆனால் கனவுகளை அவன் நம்புவான். கயல் சொல்லி முடித்ததும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு யோசித்தான்.

"தண்ணிய எதுத்துத்தான போச்சு?"

"ஆமா."

"அப்ப மலையடியில லோயர் கேம்ப்புலதான் நிக்கும். அதுக்கு மேல தண்ணி கொழாய்ல வருது. அம்புட்டு ஒசரம் மீனு ஏற முடியாது."

சனிக்கிழமை காலை, டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு இருவரும் மலையைப் பார்த்து நடந்தார்கள்.

பனி இன்னும் விலகவில்லை. ஊர் முடிந்ததும் திராட்சைத் தோட்டங்கள் தொடங்கின. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துக் கட்டிய பந்தலுக்குள் நுழைந்தால் வெளிச்சமே பச்சையாகிவிடும். தலைக்கு மேல் இலைக் கூரை. அதிலிருந்து கறுத்த கொத்துகள் இவர்கள் நெற்றியைத் தொடுகிற உயரத்தில் தொங்கின. எங்கோ யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள், பாட்டு மட்டும் தூரத்திலிருந்து மிதந்து வந்தது. கயலுக்குத் தான் இன்னும் அந்தக் கனவுக்குள்ளேயே நடப்பது போலத் தோன்றியது. காய்ச்சலில்லாத கனவு, நல்ல கனவு. வரப்பில் கழித்துப் போட்டிருந்த ஒரு கொத்தை எடுத்துத் துடைத்து, ஆளுக்குப் பாதி தின்றார்கள்.

"நல்லாருக்கு" என்றான் இனியன்.

கயலுக்கு இனிப்பு வரவில்லை. ஆனால் தோலையும் விதையையும் மென்றபோது நாக்கு யாரோ கிள்ளி இழுத்தது போலச் சுருங்கியது. நின்றுவிட்டாள்.

"ஏலே, எனக்கு நாக்கு சுருங்குது."

"அது துவர்ப்புல்ல?"

"துவர்ப்புத்தான். ஆனா ருசி தெரியல. சுருங்குறது மட்டும் தெரியுது."

ரோட்டோரப் புளியமரத்தில் பிஞ்சுப் புளியங்காய் இருந்தது. கல்லெறிந்து இரண்டு விழத்தட்டி, கயல் பயந்து பயந்து கடித்தாள். நாக்கு சும்மாவே கிடந்தது. பல் கூசியது! கடைவாயிலிருந்து தண்ணீர் ஊறி வந்தது. அவள் அங்கேயே ஒரு குதி குதித்தாள். இன்னும் கொஞ்ச தூரத்தில், வாய்க்கால் ஓரத்து வீட்டு வேலியில் காந்தாரி மிளகாய் வானத்தைப் பார்த்து நின்றது. இனியன் வேண்டாம் வேண்டாம் என்றான். கயல் ஒன்றைப் பறித்து மென்றாள். கண்ணில் நீர் கொட்டியது, இரண்டு காதும் அனல் அடித்தன. அழுதுகொண்டே சிரித்தாள்.

"எல்லாம் இங்கனதான் இருக்குடா! நாக்க விட்டுட்டு ஓடி ஒளிஞ்சிருக்கு. புளிப்பு பல்லுல இருக்கு. காரம் காதுல இருக்கு."

"இனிப்பு?"

"தெரியல."

"உப்பு?"

கயல் மிளகாய்க் காம்பை எறிந்துவிட்டு நடந்தாள். நாளைக்கு அறுநூறு இலைக்கு வேண்டியது உப்புதான். அது உடம்பில் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.

லோயர் கேம்ப் வந்து சேர வெயில் ஏறிவிட்டது. மலை மேலிருந்து பெரிய பெரிய குழாய்கள் வெள்ளையாக இறங்கி வந்தன. பவர்ஹவுஸைத் தாண்டி வெளியே விழுந்த தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. அந்த இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. கரையில் நின்றால் முகத்தில் பன்னீர் தெளித்தது மாதிரி சாரல் பட்டது. கயல் பாறையில் குப்புறப் படுத்துத் தண்ணீரையே பார்த்தாள். வெள்ளி மீன்கள் வந்தன, கறுத்த மீன்கள் வந்தன. சிவப்பு மீன் வரவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீர் ஓடுகிறதா, தான் படுத்திருக்கிற பாறை ஓடுகிறதா என்ற சந்தேகம் வருகிற அளவுக்குப் பார்த்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக அவளுக்குப் புரிந்தது: மீன் இல்லை. இனிமேல் இல்லை.

"பசிக்குது" என்றான் இனியன்.

குமுளி போகிற ரோட்டோரம் மலையம்மாள் என்ற அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். கப்பை என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். இருந்த சில்லறைக்கு ஒரு இலை நிறைய வாங்கிக்கொண்டு இருவரும் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்கள். கயலுக்குத் தின்ன மனசில்லை. இனியன் ஒரு துண்டை வாயில் போட்டு, "நல்லாருக்கு" என்றான். பிறகு மடியில் கைவைத்துக்கொண்டு குழாய்களைப் பார்த்தான். பசிக்கிறது என்று அழுத பயல் அடுத்த துண்டை எடுக்கவே இல்லை.

கறுப்பு வேட்டி கட்டிய பக்தர் ஒருவர் வேனிலிருந்து திரும்பி வந்தார். "ஆத்தா, கப்பையில உப்பே இல்லியே சாமி!"

மலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, மன்னிச்சிருங்க சாமி! மலைக்குப் போற சாமிமாரு திங்கிறதுன்னு நான் வாயில வச்சே பாக்குறதில்ல. காலையில மறந்துபோய் எறக்கிட்டேன் போல." உப்புத் தண்ணீரைக் கரைத்துப் பானையில் தெளித்தாள். இவர்கள் இலையிலும் தாராளமாகத் தெளித்தாள்.

இனியன் ஒரு துண்டை எடுத்தான். "நல்லாருக்கு" வரவில்லை. கண் குழாய்களில் இருந்தது. கை மட்டும் இலைக்குத் திரும்பி வந்தது. இன்னொரு துண்டு. மறுபடியும் வந்தது. அவனுக்கே தெரியாமல், அவனைக் கேட்காமல், அந்தக் கை வாய்க்கும் இலைக்கும் நடுவே மீன் போல நழுவி நழுவிப் போய் வந்துகொண்டிருந்தது. கயல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். உப்பு கையில் ஒளிந்திருக்கிறது! அவள் தேடி வந்தது இதோ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அதுவும் மூக்கு ஒழுகிக்கொண்டு.

மறுநாள் காலை எட்டு மணி. சங்கரலிங்கம் வீட்டுக் கொல்லையில் பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சங்கிலி பாதி உப்புப் போட்டிருந்தார். இன்று எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்துச் செய்தார். தண்ணீர்க் குடத்தைக்கூடக் கைக்கு எட்டாத இடத்தில் தள்ளி வைத்திருந்தார்.

அவர் கரண்டியில் எடுத்து ஆற்றி, அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

"சொல்லு சாமி."

கயல் அதை நக்கவில்லை. கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். சொட்டு விரல் இடுக்கில் வழிந்து தரையில் விழுந்தது.

"எனக்கு ருசி தெரியல சாமி."

சுரேஷ்கண்ணனின் அரிவாள்மணை நின்றது.

"எப்ப இருந்து?"

"காச்சல்ல இருந்து."

"அப்ப அன்னைக்கு ரசம்?"

"எனக்கு ஒண்ணுமே தெரியல. சும்மா சரின்னு சொன்னேன். நீங்க தண்ணி ஊத்தல சாமி. நீங்க ஒரு தப்பும் செய்யல. நான் சரின்னதால மீதி உப்ப நீங்க போடவே இல்ல." பேசப் பேச அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்க கரண்டிய வைக்க வேணாம். ஜீப்பு ஏற வேணாம்."

அடி விழும் என்று மொக்கம்மாள் எழுந்தே விட்டாள். சங்கிலி கையை ஓங்கவில்லை. தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார், புறங்கையைப் பார்த்தார், மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்ப நான் தண்ணி ஊத்தல" என்றார். வேறு யாருக்கோ சொல்வது போல இன்னொரு தரம் சொன்னார். "நான் ஊத்தல." துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். அடுப்புப் புகை என்று அங்கிருந்தவர்கள் நாகரிகமாக நினைத்துக்கொண்டார்கள்.

அண்டா கொதித்துக்கொண்டே இருந்தது. யார் பார்ப்பது? மொக்கம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். எல்லோரும் சேர்ந்து வேண்டாம் என்றார்கள்.

"இனியன் ருசி பாப்பான் சாமி" என்றாள் கயல்.

"அவனா? அவன் வெசத்தக் குடுத்தாலும் நல்லாருக்கும்பானே!" என்றான் சுரேஷ்கண்ணன்.

"அவன் நாக்கு பாக்கட்டும். நான் கேக்குறேன்."

பந்தலில் பலூன் ஊதிக்கொண்டிருந்த இனியனைப் பிடித்து வந்தார்கள். கையில் ஒரு சொட்டு விட்டார்கள். "நல்லாருக்கு" என்றான்.

"அது கெடக்கட்டும். பல்லு கூசுதா?"

"லேசா."

"காது?"

"காது ஒண்ணும் செய்யல."

"புளி போதும் சாமி. மொளகாப்பொடி ரெண்டு கரண்டி வேணும்."

சங்கிலி மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிளகாய்ப்பொடியைத் தூவினார். அடுத்தது உப்பு. கயல் ஒரு இலையில் கொஞ்சம் சோற்றை வைத்துச் சாம்பார் ஊற்றி, இனியனை வாசல் பக்கம் பார்த்து உட்காரவைத்தாள். "அங்கன பாரு, மேளக்காரங்க வந்துட்டாக. தவில் எத்தன இருக்குன்னு எண்ணிட்டே சாப்புடு." அவன் ஒரு வாய் தின்றான். கை மடிக்குப் போனது. கயல் தலையை ஆட்டினாள். சங்கிலி உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினார். புதிதாக ஊற்றிய சாம்பாருக்குக் கை ஒருமுறை திரும்பி வந்தது, பிறகு நின்றது. இன்னும் ஒரு பிடி. இப்போது கை வந்தது, மறுபடி வந்தது, மறுபடி வந்தது. தவில்களை அவன் ஏழு தரம் எண்ணி முடித்தும் வந்துகொண்டே இருந்தது. எத்தனை தவில் என்று பிறகு கேட்டபோது அவனுக்கு நினைவில்லை.

"போதும் சாமி. உப்பு முழிச்சிருச்சு."

அறுநூறு இலையும் எழுந்து போகும் வரைக்கும் உப்புக் கிண்ணத்தை யாரும் தேடவில்லை. சாம்பார் வாளியைத்தான் தேடினார்கள். கடைசிப் பந்தியில் சங்கரலிங்கமே அடுப்படிக்கு வந்து, "ஆனிக்கு சின்னவளுக்கும் முடிக்கலாம்னு இருக்கோம். நீங்கதான் வரணும்" என்றார். சங்கிலி தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டே, "வந்துர்றேன் சாமி" என்றார்.

சாயங்காலம் வீட்டில் குளித்துப் பூஜை முடித்து, சங்கிலி தன் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். எதிரே கயலும் இனியனும். உமாதேவி சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் போட்டாள். டியூஷன் பொய்க்கு அவள் கொடுத்த திட்டு அதற்கு முன்பே முடிந்திருந்தது. கயல் குழாய்களைப் பற்றியும், பச்சை வெளிச்சத்தைப் பற்றியும், வராத மீனைப் பற்றியும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சங்கிலி சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ கயலு" என்றான் இனியன். "ஒங் கையப் பாரு."

கயல் குனிந்து பார்த்தாள். அவள் பேசிக்கொண்டிருக்க, கை அதுபாட்டுக்குத் தட்டுக்கும் வாய்க்கும் போய் வந்துகொண்டிருந்தது. தட்டில் பாதிச் சோறு காணோம். வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மழைக்குப் பிறகு வாய்க்காலில் தண்ணீர் வருகிற சத்தம் தூரத்தில் கேட்குமே, அப்படி எங்கிருந்தோ ஒன்று நாக்கின் ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

சங்கிலி கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தார். உமாதேவி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"சொல்லு சாமி" என்றார் அப்பா.

கயல் கண்ணைத் திறக்கவில்லை. இனிமேல் இருக்கிறதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

"அம்மா ஒரு கல்லு உப்பு கூடப் போட்டிருச்சு சாமி."